லொகேஷன் அனுப்புங்கண்ணே

படம் எடுக்கத் தொடங்கி ஏழு வருடம் ஆகிறது. இந்த ஏழு வருடத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: ‘அண்ணே, இது எங்க எடுத்தது? லொகேஷன் அனுப்புங்களேன்.’ எப்போது எடுத்தேன் என்று யாரும் கேட்டதில்லை. படத்தில் நிற்பவர் யார் என்று கேட்டவர்கள் மொத்தம் இரண்டு பேர். அதில் ஒருவர் என் அம்மா.

நான் இருப்பது தைப்பிங்கில். சின்ன டவுன். இங்கே வெளிப்புறப் படம் எடுக்க நல்ல இடம் எது என்று யாரைக் கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஏரிப் பூங்கா. அங்கே தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்து கிடக்கும் மழைமரங்கள். புக்கிட் லாருட் மலைமேல் பனி. பழைய கடைவீடுகள். அருங்காட்சியகத்தின் வெள்ளைக் கட்டடம். கொஞ்சம் தள்ளிப் போனால் கோலா செப்பெத்தாங்கில் கரிச்சூளை. பட்டியல் முடிந்தது.

இந்தப் பட்டியலை எங்கள் வட்டாரத் தமிழ்ப் பையன்களுக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வாட்ஸ்அப் குழுவில், எந்த மரத்தடியில் நிற்க வேண்டும், எந்த லென்ஸ், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று வரைபடத்தோடு எழுதி அனுப்பினேன். பொறியியல் படித்த புத்தி, எல்லாவற்றையும் அட்டவணையாக்கிப் பார்க்கும். அந்த அட்டவணை இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனவே இந்தக் கட்டுரையில் நான் திட்டப்போகும் ஆட்களின் வரிசையில் முதலில் நிற்பது நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். ஒரே மரத்துக்கு முன்னால் ஆறு முக்காலிகள் நிற்கும். ஆறு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்னால் வரும் ஆள், முன்னால் இருப்பவன் எப்போது எழுந்து போவான் என்று காத்திருப்பான். அன்று சாயங்காலமே ஆறு படமும் வெளியாகும். பெயரை மறைத்துவிட்டால் எது யார் எடுத்தது என்று எடுத்தவனுக்கே தெரியாது. பொழுதுபோக்குக்கு எடுக்கிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. விடுமுறைக்கு வந்த குடும்பம் மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போகட்டும். என் சண்டை, தன்னைக் கலைஞன் என்று சொல்லிக்கொண்டு, படத்துக்குக் கீழே நான்கு வரி கவிதையும் போட்டு, அடுத்த ‘ஸ்பாட்’ எங்கே என்று அலைகிற நம்மோடுதான்.

முதலில் ஒளியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் ‘ஸ்பாட்’ என்ற எண்ணம் தப்பு. நாமெல்லாம் படம் எடுக்கக் கற்றது யூடியூபில். சொல்லித் தருகிறவன் இங்கிலாந்திலோ கனடாவிலோ இருப்பான். ‘பொன்னொளி நேரம்’ என்று அவன் சொல்வது அவன் ஊர் ஒளி. அங்கே கோடையில் சூரியன் சரிந்து சரிந்து இறங்கும். அடிவானத்தைத் தொட நிறைய நேரம் எடுக்கும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகைக்கும் குறைவான தூரத்தில். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேராக விழும். அவனுக்கு ஐம்பது நிமிடம் கிடைக்கிற ஒளி நமக்கு இருபத்தைந்து நிமிடம்தான். அவன் சொன்னதை நம்பி முக்காலியை நிதானமாக விரித்துக்கொண்டிருந்தால் இருட்டிவிடும்.

அதுமட்டுமல்ல. 1982 தொடக்கத்தில் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். அதனால்தான் இங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல் உதிக்கிறது, உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு இல்லாமல் ஒன்றேகால் வாக்கில் வருகிறது. தைப்பிங்குக்கு இன்னொன்றும் உண்டு. மலை ஊருக்குக் கிழக்கே நிற்கிறது. ‘ஏரியில் சூரிய உதயம்’ என்று பினாங்கிலிருந்து விடியற்காலையில் காடி ஓட்டி வருகிறவர்கள் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சூரியன் மலையைத் தாண்டி வரும்போது ஒளி ஏற்கெனவே கடுத்திருக்கும். இந்த ஊரின் நல்ல வெளிச்சம் சாயங்காலம், மழை விட்ட பிறகு வருவது. வருடத்துக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. மழை எத்தனை மணிக்கு வரும் என்று ஒரு காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். மழை நின்று மேற்கே மேகம் கொஞ்சம் கிழிந்தால், தார் ரோடு, தகரக் கூரை, வாழையிலை, பஸ் நிறுத்தத்து பெஞ்சு எல்லாமே பளபளவென்று நிற்கும். அந்த இருபது நிமிடத்தில் தைப்பிங்கில் கெட்ட ‘ஸ்பாட்’ என்று ஒன்றுமே கிடையாது. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சாக்கடையோரம்கூட அழகாக இருக்கும்.

அந்த மழைமரத்தையே எடுத்துக்கொள்வோம். நம்மூர்த் தமிழில் தூங்குமூஞ்சி மரம். மலாய்க்காரர்கள் ‘புக்குல் லீமா’ மரம் என்கிறார்கள், சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் இலையை மடித்துக்கொள்வதால். இலை மடிந்தால் அதுவரை இருட்டாக இருந்த மரத்தடிக்குள் ஒளி இறங்கும். ஒரே மரம், நான்கு மணிக்கு ஒன்று, ஆறு மணிக்கு வேறொன்று. இதை எந்த வரைபடப் புள்ளியும் சொல்லாது. பத்துத் தடவை போய் நின்றவனுக்குத்தான் தெரியும். லொகேஷன் கேட்பவன் அந்தப் பத்துத் தடவையை ஒரே தடவையில் வாங்கப் பார்க்கிறான். நான் அட்டவணை போட்டுக் கொடுத்தது அந்த வியாபாரத்துக்குத்தான்.

இது சோம்பேறித்தனம், அவ்வளவுதானே என்று விட்டுவிடலாம். விட முடியாததற்குக் காரணம், இந்தப் பட்டியலை முதலில் எழுதியவர்கள் யார் என்பது. நாம் ‘அழகு’ என்று கண்டுபிடித்ததாக நினைக்கும் இடங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரன் தனக்கு நடைபோடவும் குளிர்காயவும் அமைத்துக்கொண்டவை. ஏரிப் பூங்கா 1880-இல் வந்தது. அதற்கு முன் அது ஈயம் தோண்டிய குழி. பக்கத்திலேயே சிறைச்சாலை, 1879-லிருந்து. ஏரிப்படம் எடுப்பவர்கள் சிறைச்சுவர் சட்டத்துக்குள் விழாமல் கவனமாக இடது பக்கம் திரும்புவார்கள். நானும் திரும்பியிருக்கிறேன். சுவரில் பிழை ஒன்றுமில்லை, ஆனால் அது ‘மூடை’க் கெடுக்கும்.

காமுந்திங் இங்கிருந்து மோட்டாரில் பத்துப் பதினைந்து நிமிடம். 2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐந்து பேரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து அங்கேதான் அடைத்தார்கள். அப்போது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். வீட்டில் பெரியவர்கள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசியது ஞாபகம் இருக்கிறது. தடுப்பு முகாமைப் படம் எடுக்க முடியாது, எடுக்கவும் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரைப் பற்றிய நம் ஆயிரக்கணக்கான படங்களைப் பார்க்கிறவனுக்கு இங்கே அப்படி ஒன்று நடந்தது என்ற சந்தேகமாவது வருமா?

கோலா செப்பெத்தாங்குக்குப் போகிறவர்கள் கரிச்சூளையையும் கழுகையும் மீனவப் படகையும் எடுப்பார்கள். அங்கே பழைய போர்ட் வெல்ட் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை இருக்கிறது. 1885-இல் தைப்பிங்கிலிருந்து அங்கே ஓடியதுதான் மலாயாவின் முதல் ரயில். நிலையம் போய்விட்டது, தண்டவாளம் போய்விட்டது, பலகை மட்டும் நிற்கிறது. அதில் ரோமன், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழும் இருக்கிறது. அந்தத் தமிழை வாசிக்க அங்கே ஆள் இருந்ததால்தான் எழுதினார்கள். என்னோடு வந்த நண்பன் அந்தப் பலகை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டான். ‘தமிழ் இருக்கு பாத்தியா?’ என்றேன். ‘அப்படியா?’ என்று திரும்பிப் பார்த்தான். அவன் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். அதை வாசிக்கத் தெரியாமல் இல்லை. பலகையைப் பின்னணியாகப் பார்க்கும்போது அதில் எழுத்து இருப்பது கண்ணில் படாது, அவ்வளவுதான்.

2012-இல் ஜார்ஜ்டவுனில் எர்னஸ்ட் ஸகாரெவிச் என்ற லித்துவேனிய ஓவியர் ஆர்மேனியன் ஸ்திரீட் சுவரில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகளை வரைந்தார். நல்ல ஓவியம். சுவரில் நிஜ சைக்கிளையே பொருத்தியிருந்தார். ஆட்கள் வரிசை கட்டி நின்று அந்த சைக்கிளைப் பிடித்தபடி படம் எடுத்தார்கள். பிறகு சின்ன ஊர்கள் ஒவ்வொன்றும் தனக்கும் ஒரு சுவர் வேண்டும் என்று கிளம்பின. இப்போது ஊரைப் படம் எடுக்க ஆள் வருகிறது என்பதுபோய், ஆள் வந்து படம் எடுப்பதற்கேற்ப ஊர் தன்னை மாற்றிக்கொள்கிறது. முடிவெட்டும் கடை அண்ணன் வாடகை கட்ட முடியாமல் கிளம்பிப் போன கடைச் சுவரில், முடிவெட்டும் அண்ணனின் ஓவியத்தை வரைந்து வைத்தால் அதற்கும் நாம் லொகேஷன் கேட்போம்.

இதெல்லாம் ஊர் வயிற்றெரிச்சல் என்று நீங்கள் சொல்லலாம். இனி சொல்லப்போவது என் கதை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் படம் எடுக்கும் குழுவுக்கு உதவியாளாகப் போனேன். சனி, ஞாயிறு கைச்செலவுக்கு. மாப்பிள்ளையும் பெண்ணும் ‘ரஸ்டிக்’ ஆன இடம் வேண்டும் என்றார்கள். குழுத் தலைவர் எங்களைப் பாழடைந்த ஒரு தோட்டத்து லயத்துக்கு அழைத்துப் போனார். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டு, ஆட்களை அனுப்பிவிட்ட தோட்டம். கூரை பாதி விழுந்திருந்தது. உடைந்த ஜன்னல் வழியாக ஒளி சாய்வாக விழுந்தது. பட்டுச்சேலையில் பெண் அந்த ஜன்னலோரம் நிற்க, நான் ஒளித்திருப்பியைத் தூக்கிப் பிடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், படம் அருமையாக வந்தது.

கடைசி வீட்டில் ஒருவர் இன்னும் குடியிருந்தார். எழுபது வயதிருக்கும். சட்டை போடாமல் வாசலுக்கு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

‘என்னா தம்பி, கல்யாணமா?’

‘ஆமாங்கய்யா. படம் எடுக்க வந்தோம்.’

‘இங்கயா?’

‘இடம் நல்லாருக்குங்கய்யா.’

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: ‘நாங்க நாப்பது குடும்பம் இருந்தோம். அப்ப ஒருத்தனும் வரல. இடிஞ்சப்புறம் வந்து நல்லாருக்குங்கிறீங்க.’

குழுத் தலைவர் அவரையும் இரண்டு படம் எடுத்தார். சுருக்கம் விழுந்த முகம், கறுப்பு வெள்ளை, பின்னால் இருட்டு. அவர் பெயரை யாரும் கேட்கவில்லை. காலனியக் காலத்து அஞ்சலட்டைகளில் நம் பாட்டன் பாட்டிகளின் படத்துக்குக் கீழே ‘கிளிங் பெண்’, ‘தமிழ்க் கூலி’ என்று மட்டும் போட்டிருக்கும். அதைப் பார்த்தால் நமக்குக் கோபம் வருகிறது. நாம் ‘தோட்டத்து முதியவர்’ என்று தலைப்புப் போடுகிறோம். வெள்ளைக்காரனுக்காவது அவர் பெயரைத் தமிழில் கேட்கத் தெரியாது.

அதற்கு அடுத்த வருடம் என் பாட்டி இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டில் படங்களை எடுத்து வைத்தோம். பாட்டியின் பழைய படங்கள் மொத்தம் பதினொன்று. பதினொன்றும் டவுனில் ஸ்டூடியோவில் எடுத்தவை, தீபாவளிக்கு முன்னாலோ பிள்ளைகளுக்கு மொட்டை போட்டபோதோ. எல்லாவற்றிலும் பின்னால் அதே திரை: வரைந்த படிக்கட்டு, வரைந்த தூண், வரைந்த ஏரியில் இரண்டு அன்னப்பறவைகள். அப்பா அந்தப் படங்களை வரிசையாக வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்:

‘ஏய்யா, நம்ம லயத்து வீட்டுப் படம் ஒண்ணு உங்கிட்ட இருக்குமா?’

இல்லை. என்னிடம் அப்போது நாற்பதாயிரத்துக்கு மேல் படங்கள் இருந்தன. அதில் அந்த ஏரி மட்டும் சில ஆயிரம். பாட்டி வாழ்ந்த லயம், அப்பா பிறந்த வீடு, இடிக்கப்படும் வரைக்கும் என் வீட்டிலிருந்து மோட்டாரில் இருபது நிமிடம். கேமரா வாங்கிய பிறகும் ஒன்றரை வருடம் அது நின்றுகொண்டிருந்தது. வாரம் ஒருமுறையாவது அந்தப் பக்கம் போயிருக்கிறேன், கேமராப் பையோடு. ஒரு தடவையும் நிறுத்தவில்லை. ஏனென்றால் அது ‘ஸ்பாட்’ இல்லை. பாதி விழுந்த கூரைகூட இல்லை. நீலச் சாயம் பூசி, துணி காய்ந்து, தகரக் கூரையில் அஸ்ட்ரோ தட்டோடு, சாதாரணமாக ஆட்கள் குடியிருந்த இடம். இடிந்திருந்தால் ஒருவேளை எடுத்திருப்பேன்.

அன்றிரவு கூகுள் வரைபடத்தில் தெருக்காட்சியைத் திறந்து பார்த்தேன். தோட்டத்துக்குள் அந்தக் காடி போகவில்லை. ஆனால் ரோட்டோரத்திலிருந்து தோட்டத்து முகப்பு தெரிந்தது. பெயர்ப்பலகை, கோயில் வளைவு, சைக்கிளில் முகம் மங்கலாக்கப்பட்ட ஒரு பையன், தூரத்தில் லயத்துக் கூரையின் ஒரு கீற்று. எங்கள் தோட்டத்துக்கு இருக்கும் ஒரே படம் அதுதான். கூரையில் கேமராவைக் கட்டிக்கொண்டு போன ஒரு காடி எடுத்தது. அதற்கு நல்ல இடம், கெட்ட இடம் தெரியாது. அதனால்தான் எடுத்தது.

பாட்டியின் திரையைப் பற்றி இதற்குப் பிறகு நிறைய யோசித்தேன். அந்தத் திரைக்கு ஒரு நியாயம் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, குழாயடியில் வரிசை நின்று வாழ்ந்தவர்கள், வருடத்தில் ஒரு நாளாவது தோட்டம் இல்லாத ஓரிடத்தில் நிற்க ஆசைப்பட்டார்கள். கூலியில் மிச்சம் பிடித்து அதற்குக் காசு கொடுத்தார்கள். அன்னப்பறவைக்கு முன்னால் என் பாட்டி நிற்கும் நிற்பில் ஒரு ராணியின் மிடுக்கு இருக்கிறது. அவரை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்.

நம் கதை வேறு. நாம் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்துவிட்டோம். கையில் கேமரா இருக்கிறது, வெளிச்சம் இலவசம், பிலிம் காசு இல்லை. வந்து என்ன செய்தோம்? ஊரையே திரையாக மாட்டினோம். ஏரி ஒரு திரை, கடைவீடு ஒரு திரை, இடிந்த லயம் ஒரு திரை. பாட்டி காசு கொடுத்து ஒரு திரைக்கு முன் நின்றார். நாம் ஆட்கள் வாழ்கிற இடங்களைத் திரையாக்கி அவர்களை ஓரத்துக்குத் தள்ளுகிறோம்.

இதை எழுதுவதாகச் சொன்னபோது என் தோழி ஒருத்தி சண்டைக்கு வந்தாள். அவளும் படம் எடுப்பவள். ‘நீ எந்தச் சந்துலயும் நின்னு கேமராவத் தூக்கலாம். நான் தூக்குனா பின்னால எவன் வரான்னு பாக்கணும். நாலு பேரு நிக்கிற இடம்னாதான் நான் போக முடியும். உனக்கு ஸ்பாட் வேணாம்னா அது உன் வசதி’ என்றாள். அவள் சொன்னது முழுக்கச் சரி. ஒரு பெண் ‘அந்த இடம் பத்திரமா?’ என்று கேட்டால் நான் எத்தனை மணிக்கு ஆள் நடமாட்டம் இருக்கும் என்பது வரை சொல்வேன். ஆனால் அவளுடைய நல்ல படங்கள் அவள் அம்மாவின் பூக்கடையில் எடுத்தவை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு, குழல் விளக்கில், மல்லிகை தொடுக்கும் கைகள். அந்தப் படங்களை அவள் எங்கேயும் போடவில்லை. ‘அது வீடு மாதிரி, அதுல என்னா இருக்கு’ என்கிறாள். அவளோடு என் சண்டை அந்த வாக்கியத்தோடுதான்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் இடத்தைப் பிடியுங்கள். பஸ் நிலையத்துச் சாப்பாட்டுக் கடை, தமிழ்ப்பள்ளித் திடல், கோயிலுக்குப் பின்னால் அன்னதானம் சமைக்கும் கொட்டகை, தாத்தா குடியிருக்கும் பிளாட்டின் நடைபாதை. ஒரு வருடம் அங்கேயே போங்கள். முதல் மாதம் கேமராவை வெளியே எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. படத்தில் வருகிறவரின் பெயரைக் கேளுங்கள், சம்மதத்தைக் கேளுங்கள். படத்தோடு பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். ஒரு பிரதி அச்சடித்து அவர் கையில் கொடுங்கள். மற்றவர்கள் சொல்லிக் கொடுத்த அழகை எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் பெரியம்மா வீட்டு வாசலை எடுக்க உங்களைத் தவிர ஒருவரும் வரப்போவதில்லை.

போன மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு லயம் இருந்த இடத்துக்குப் போனேன். இப்போது தாமான் ஆகிவிட்டது. ஒரே மாதிரி வீடுகள், வாசலில் காடிகள். மதியம் ஒன்றேகால் இருக்கும், இருப்பதிலேயே மோசமான வெளிச்சம். அப்பா ஒரு சிமெண்டுக் கால்வாய் ஓரமாக நடந்து ஓரிடத்தில் நின்றார்.

‘இங்கதான் குழாயடி. நம்ம வீடு அங்க, அந்த வெள்ளக் காடி நிக்குதே, அங்க.’

அப்படியே நிற்கச் சொல்லி எடுத்தேன். கண்ணுக்குக் கீழே கருநிழல், நெற்றியில் வியர்வை, பின்னால் கால்வாய். அச்சடித்துக் கொடுத்தபோது அப்பா அதைத் திருப்பி, பின்பக்கம் அந்த வரிசையில் இருந்த எட்டு வீட்டுக்காரர்களின் பெயர்களையும் பேனாவால் எழுதினார். ஆறாவது வீட்டுக்காரர் பெயர் ஞாபகம் வரவில்லை. அத்தையைக் கேட்டு எழுதலாம் என்று எண்ணை மட்டும் போட்டு இடம் விட்டு வைத்திருக்கிறார்.